தோளைத் தொடும்வரை

அவை கலைந்த பிறகும் பென்சில் சத்தம் நிற்கவில்லை.

ஹெட்போனுக்குள் சபாநாயகரின் கரகரத்த குரல் கூட்டத்தை ஒத்திவைப்பதாகச் சொல்லி முடித்தது. நாற்காலிகள் பின்னால் தள்ளப்பட்டன. செருப்புச் சத்தமும் சிரிப்பும் இருமலும் ஒன்றாகக் கலந்து கதவுப் பக்கம் நகர்ந்து, தேய்ந்து, கடைசியாக யாரோ ஒருவர் மறந்துவிட்ட எதையோ எடுக்கத் திரும்பி ஓடி வந்து மறுபடி ஓடிப்போகிற நடை கேட்டு, அதுவும் அடங்கியது. பெரிய கதவைச் சாத்தினார்கள். மின்விசிறிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்து நின்றன. அதற்கு மேல் அந்த ஒலிநாடாவில் எதுவும் இருக்க முடியாது, தூரத்து மழை மாதிரி ஒரு இரைச்சலைத் தவிர. ஆனால் அந்த இரைச்சலுக்கு அடியில், மிக நிதானமாக, யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள். கூராகச் சீவிய பென்சில் தாளில் இழுபடுகிற சத்தம். பக்கம் புரள்கிற சத்தம். பக்கம் புரண்டதும் ஒரு சின்னச் சொடக்கு.

"அப்பா, இதக் கொஞ்சம் கேளுங்களேன்."

அடுத்த மேசையில் அறுந்த நாடாவை ஒட்டிக்கொண்டிருந்த அப்பா, ஒட்டுத்தாளை விரல் நுனியில் தொங்கவிட்டபடியே வந்து, ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் காதில் வைத்துக் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சட்டென்று எடுத்துவிட்டார்.

"எலியா இருக்கும்."

"எலி எழுதுமா?"

"இந்த ஆபீஸ் எலி எழுதும். எத்தன வருஷமா பேச்சு கேக்குது! பதில் சொல்ல வாய்ப்பு குடுங்கன்னு மனு எழுதிட்டிருக்கும்." சிரித்தார். உதடு மட்டும்தான் சிரித்தது. அம்மா போனதிலிருந்து அவர் சிரிப்பு அதற்கு மேல் ஏறுவதில்லை. "கலைஞ்சதுக்கு அப்புறம் வர்றதெல்லாம் குப்பை, பாப்பா. வெட்டிரு."

அங்கே வேலையே அதுதான். சட்டமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில், வெளிச்சத்துக்காகச் சுவரின் உச்சியில் விட்டிருந்த ஒடுக்கமான சன்னல்களில் போகிறவர் வருகிறவரின் கால்கள் மட்டும் தெரிகிற அந்தக் காப்பகத்தில், சிவப்புத் துணி அட்டையும் தங்க எழுத்துமாக அவைக் குறிப்புகள் வரிசை வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பின்னால் சட்டத் தொகுப்புகள், குழு அறிக்கைகள், யாரோ கேட்டு யாரோ மழுப்பிய கேள்வி பதில்கள், அரசிதழ்கள். பழைய பசையும் தூசியும் சேர்ந்த ஒரு வாசனை. இன்னும் உள்ளே போனால், கெட்டுப்போன நாடாக்களிலிருந்து வருகிற காடி மாதிரி ஒரு புளிப்பு. சட்டமன்றம் பேசிய அத்தனையும் அந்த நாடாக்களில் இருந்தது. அப்பாவின் பிரிவு அவற்றை எடுத்து ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றும். 'அவை கலைந்தது' என்கிற இடத்தோடு வால் வெட்டப்படும். பிறகு மூல நாடா காந்தப் பெட்டிக்குள் போகும். ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் வரும், நாடா எல்லாவற்றையும் மறந்துவிடும். மறந்த நாடாக்களை லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும்.

பள்ளி விட்டதும் அவள் நேராக இங்கேதான் வருவாள். பதினாறு வயதுப் பெண் தனியாக வீட்டில் இருந்தால் என்ன என்று கேட்டால் அவளிடம் நல்ல பதில் கிடையாது. பூட்டைத் திறந்து உள்ளே காலை வைக்கும்போது "செருப்ப வெளிய விடு!" என்று யாரும் கத்தாத வீடு அது. அவள் இப்போதும் செருப்பை வெளியேதான் விடுகிறாள். விட்டுவிட்டு ஒரு நொடி நிற்கிறாள். அந்த ஒரு நொடியைத் தாங்க முடியாமல்தான் இங்கே வருகிறாள்.

அம்மாவும் இதே கட்டடம்தான். அப்பா கீழே, அம்மா மேலே. அவையின் நடுவில், சபாநாயகர் மேடைக்குக் கீழே இருக்கும் சிறிய மேசையில் உட்கார்ந்து, பேசுகிறவர்கள் வாயிலிருந்து விழுகிற ஒவ்வொரு சொல்லையும் சுருக்கெழுத்தில் பிடிப்பது அம்மாவின் வேலை. "எந்த வீட்ல புருஷன் பொண்டாட்டி எழுதினத நாடா போட்டு சரிபாக்குறான்? எனக்குன்னு வாய்ச்சிருக்கு பாரு" என்பாள். அவையில் வாய் திறக்க உரிமையே இல்லாத ஆள் சுருக்கெழுத்தர். தும்மல் வந்தாலும் விழுங்க வேண்டும். அங்கே விழுங்கியதையெல்லாம் வீட்டுக்கு வந்து சேர்த்துப் பேசுவாள். மகள் கோபித்துக்கொண்டு எழுந்து போனால், காற்றில் இரண்டு பிறைக் கீறல் போட்டுக் காட்டி, "அடைப்புக்குறிக்குள்ள, கதவை அறைந்து சாத்தும் சத்தம்!" என்று அறிவிப்பாள். அவையில் சிரிப்பு, குறுக்கீடு, அழுகை எதுவானாலும் அடைப்புக்குறிக்குள்தான் போகும். மகளுக்கும் சில குறிகளைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். மகளின் செல்லப் பெயர் 'வாலு'. அதற்கு ஒரு நீள வளைவு, இரண்டு புள்ளி.

ஆனால் அம்மாவின் குரல் எதிலும் இல்லை. போனைத் தூக்கினாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். "நாள் பூரா அடுத்தவங்க பேச்சப் பதியறேன். என் பேச்சாவது பதியாம போகட்டும், விடு." கொட்டாவியும் கொச்சையுமாக ஊரார் குரலெல்லாம் இத்தனை நாடாக்களில் பத்திரமாக இருக்கிற கட்டடத்தில், அம்மாவின் ஒரு சொல் கிடையாது. அதனால்தான் அவள் அப்பாவுக்கு உதவுகிறேன் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு இருமலாவது அகப்படாதா என்றுதான்.

அகப்பட்டது இந்தச் சொடக்கு.

பக்கம் புரட்டியதும் கட்டைவிரலை மடக்கிச் சொடுக்குவது அம்மாவின் பழக்கம். நாளெல்லாம் பென்சில் பிடித்து மரத்துப்போன விரல். வீட்டில் சாமான் பட்டியல் எழுதினாலும் தாளைத் திருப்பியதும் ஒரு சொடக்கு விழும்.

அவள் நாடாவின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். மங்கிப்போன மையில் எழுதியிருந்த தேதி, அம்மா பிறப்பதற்கே முந்தையது.

*

அன்று மாலைக்குள் கைக்கு வந்த நாடாக்களையெல்லாம் மாற்றி மாற்றி ஓட்டினாள். வரிச் சட்டம் பேசிய நாள். பாலம் இடிந்ததற்கு இரங்கல் சொன்ன நாள். ஒருவர் மேல் ஒருவர் காகிதம் வீசிய நாள். பேச்சில் அவளுக்கு அக்கறையில்லை. நேராக வாலுக்குப் போவாள். கதவைச் சாத்துவார்கள். விசிறி நிற்கும். இரைச்சல். பிறகு, எந்த வருஷத்து நாடாவாக இருந்தாலும், அதே கை. அதே பென்சில். அதே சொடக்கு.

அப்பா வெட்டிய வால்கள் தரையில் சுருண்டு கிடந்தன. அவர் அவற்றைக் காலால் தள்ளிக்கொண்டே, "டீ குடிக்கப் போறேன், உனக்கு வேணுமா?" என்றார்.

"வேண்டாம், நீங்க போங்கப்பா."

சொன்னபோது ஹெட்போன் காதில் இருந்தது. அவள் பேசத் தொடங்கியதும் பென்சில் வேகம் எடுத்தது. பேசி முடித்ததும் நின்றது.

அப்பாவின் நடை படியேறி மறைந்தது. மேலே சன்னலில் யாருடைய கால்களோ கடந்தன. நாடாச் சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஹெட்போனுக்குள் இரைச்சல் மட்டும், ஒருவர் அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்கிற இரைச்சல்.

"யாரு?" என்றாள்.

சர்ரென்று ஒரு சின்னக் கோடு.

"எனக்குப் பயமா இருக்கு."

சர்ர். சர்ர். ஒரு தட்டல்.

அந்த நாடா, அவள் இன்றைக்கு வந்து பேசுவாள் என்று யாருக்கும் தெரியாத காலத்தில் பதிந்தது. அதில் இருக்கிற பென்சில் அவள் பேச்சை எப்படி எழுதும்? நாடாவை நிறுத்திவிட்டு அப்பாவிடம் ஓடியிருக்கலாம். ஆனால் பயத்துக்குள்ளேயே வேறொன்று இருந்தது, பயத்தைவிடப் பெரிதாக. அவள் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, மிக மெல்ல, தன் பெயரைச் சொன்னாள்.

"வாலு."

நீளமாக ஒரு வளைவு. இரண்டு புள்ளி.

*

அட்டவணைப் பிரிவு காப்பகத்தின் அடுத்த கோடியில் இருந்தது. அங்கே கமா மாமா மட்டும் இருந்தார். அம்மாவோடு மேலே சுருக்கெழுத்தராக இருந்தவர். மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் கமா போடுகிறார் என்று அம்மா வைத்த பெயர் அது. பேசும்போதும் அப்படித்தான், நின்று நின்று பேசுவார். போன மழைக்காலக் கூட்டத்தொடருக்குப் பிறகு தானே கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு கீழே வந்துவிட்டார்.

"வாம்மா. என்ன, முகம் இப்படி வெளுத்திருக்கு? சாப்பிட்டியா, இல்ல உங்கப்பா காத்தைப் போட்டு வளக்குறாரா?"

"மாமா, அம்மா போன அன்னைக்கு, அம்மாவுக்கு அடுத்து எழுதற முறை யாரோடது?"

கமா மாமா கையிலிருந்த அட்டையை மேசையில் வைத்தார். ஓரம் மேசை விளிம்போடு ஒட்டி நிற்கும்படி ஒழுங்குபடுத்தினார்.

"என்னோடது."

அவள் காத்திருந்தாள்.

"டீ வாங்கிட்டு, வந்துட்டிருந்தேன்மா. என் முறைக்கு இன்னும் நேரம் இருந்துச்சு. உள்ள திடீர்னு ஒரே கூச்சல். சபாநாயகர் கோவத்துல, ஒத்திவெச்சுட்டாரு. வராந்தா ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. அவை கலைஞ்சுட்டா, மாத்திவிடப் போக வேண்டியதில்ல. எழுதறவங்களே, எழுந்து வந்துருவாங்க. காலங்காலமா அதான் வழக்கம். நானும் டீயக் குடிச்சேன். பையை எடுத்தேன். பஸ்ஸப் பிடிச்சேன்."

"அம்மா எழுந்து வரல."

"வரல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மறுநாள் காலைல பெருக்க வந்தவங்கதான்... உக்காந்த மாதிரியே இருந்தாளாம். உங்கப்பா ராத்திரி பூரா ஊர்ல இருக்கற ஆஸ்பத்திரி எல்லாம் தேடிட்டிருந்தாரு. மேல, நாற்காலில போய்ப் பாக்கணும்னு, யாருக்கும் தோணல."

இது அவளுக்குத் தெரிந்ததுதான். தெரியாதது அடுத்து வந்தது.

"அவ கடைசியா எழுதின தாள, நான்தான் தட்டச்சு பண்ணேன். கூச்சல் வரைக்கும் இருந்துச்சு. 'அவை கலைந்தது'ங்கற வரி, இல்ல. சபாநாயகர் அதச் சொல்றதுக்கு முன்னாடியே அவளுக்கு... புரியுதா? அந்த வரி இல்லாம, குறிப்பு முடியாது. நான்தான் சேத்தேன். என் கையால."

அவளுக்குப் புரிந்தது. அம்மாவின் காதில் அந்த வரி விழவேயில்லை. அம்மாவைப் பொறுத்தவரை அவை கலையவில்லை.

"எப்படி மாத்திவிடுவீங்க மாமா? போய்க் கூப்பிடுவீங்களா?"

"ஐயோ, கூப்பிடறதா! எழுதிட்டிருக்கறவங்ககிட்ட பேசினா, அந்தக் கை அதையும் எழுதிரும். பேச்சே கிடையாது. பின்னாடி போய், இடது தோள்ல, ரெண்டு விரல்." தன் தோளிலேயே தொட்டுக் காட்டினார். "தொட்ட உடனே அவங்க வலப்பக்கமா எழுந்துருவாங்க. தொட்டவங்க இடப்பக்கமா உக்காந்துருவாங்க. ஒரு சொல் கீழ விழக் கூடாது, பாரு. நாற்காலி காலியா இருக்கவே கூடாது. போறவங்க நிக்கக் கூடாது, உக்காந்தவங்க திரும்பக் கூடாது."

"யாரும் வந்து தொடலன்னா?"

"தொடறவரைக்கும் எழுதணும். ஒரு தடவ நான் மதியம் சாப்பிட்டுட்டு, அசந்து தூங்கிட்டேன். உங்கம்மா ஒத்தையா, என் முறையையும் சேத்து எழுதிட்டு வெளிய வந்தா. நோட்டாலயே என் மண்டைல ஒண்ணு போட்டா. 'நீ வர்றவரைக்கும் செத்தாலும் எழுந்திரிக்க முடியாதுய்யா எனக்கு'ன்னு..."

அந்த இடத்தில் அவர் நிறுத்தினார். அங்கே கமா இல்லை.

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "நான் அதுக்கப்புறம் மேல போறதே இல்லம்மா" என்றார்.

"ஏன் மாமா?"

அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார்: "எலி இருக்கு."

*

கூட்டத்தொடர் இல்லாத நாட்களில் அவைக்குள் யாரும் போவதில்லை. காவலாளி வாசலில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். அலுவலர் மகள் என்று தெரியும் என்பதால் தலையை மட்டும் அசைத்தார். கல் படிகளில் மாலை வெளிச்சம் பழுப்பாகக் கிடந்தது. அவள் நினைத்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: அம்மா பாவம். எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள், அம்மாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. நாளைக்கு லாரி வந்துவிடும், காந்தப் பெட்டி மிச்ச நாடாக்களையும் துடைத்துவிடும், அதற்குப் பிறகு அம்மா எழுதுகிற சத்தம்கூட யார் காதிலும் விழாது. போய்த் தொட வேண்டும். தொட்டு, எழுப்பி, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கமா மாமா சொன்னதில் பாதியைத்தான் அவள் மனசு வாங்கியிருந்தது.

பெரிய கதவு பூட்டியிருக்கவில்லை. அவள் பழக்க தோஷத்தில் செருப்பை வெளியே விட்டாள். ஒரு நொடி நின்றாள். உள்ளே போனாள்.

வார்னிஷும் கம்பளமும் பழைய மூச்சும் கலந்த வாசனை. அரைவட்டமாகக் காலி நாற்காலிகள், வரிசைக்குப் பின்னால் வரிசையாக, எல்லாம் நடுவை நோக்கிக் குனிந்திருந்தன. உயரத்துக் கண்ணாடிகளிலிருந்து இறங்கிய வெளிச்சம் பாதி வழியிலேயே தளர்ந்து, மேடைக்குக் கீழே இருந்த அந்தச் சிறிய மேசையை எட்டவில்லை. கம்பளத்தில் அவள் காலடி கேட்கவில்லை. அதனால் மற்றது தெளிவாகக் கேட்டது. ஹெட்போன் இல்லாமலே.

சர்ர். சர்ர். சொடக்கு.

முதுகு தெரிந்தது.

குனிந்த தலை. கொண்டையில் குத்திவைத்திருந்த உபரிப் பென்சில். கழுத்துக்குக் கீழே, ரவிக்கையின் ஓரத்தில், அவள் சின்ன வயதில் முதுகில் தொற்றிக்கொண்டு விரலால் எண்ணி விளையாடிய மச்சங்கள். அம்மா நீலப் புடவை கட்டியிருந்தாள். அன்றைக்குக் காலையில் கட்டிக்கொண்டு போன அதே புடவை. அதன் மடிப்புகளில் தூசி படிந்திருந்தது.

"அம்மா."

பென்சில் எழுதியது. தலை நிமிரவில்லை.

"அம்மா, நான்தான்."

எழுதியது.

"எல்லாரும் போயிட்டாங்கம்மா. அவை கலைஞ்சிருச்சு. நெஜமா. வா, வீட்டுக்குப் போலாம்."

பிறைக் கீறல். ஒரு சொல். பிறைக் கீறல். அவளுக்குத் தெரிந்த குறிதான். அடைப்புக்குறிக்குள்: குறுக்கீடு. அவை கலைந்ததென்று சொல்ல அவள் யார்? யாரோ பார்வையாளர் பக்கமிருந்து கத்துகிறார்கள். அவ்வளவுதான்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை மாதமாக அப்பா முன்னால் வராத அழுகை. வாயைப் பொத்தியும் அடங்காமல், அந்தப் பெரிய கூரைக்குக் கீழே அது எழுந்து பரவியது. அம்மா திரும்பவில்லை. மகள் அழுதால் எழுந்து ஓடி வருகிற அம்மா. அடுப்பில் பால் பொங்கினாலும் போட்டுவிட்டு ஓடி வருகிற அம்மா. பிறைக் கீறல். அழுகை. பிறைக் கீறல். அம்மா அவளை எழுதிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் அம்மாவால் முடிந்தது. தாளின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. அவள் அந்தச் சத்தத்தையும் கேட்டாள்.

அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். இரண்டு விரலை நீட்டினாள்.

தோள் விலகியது.

எழுதுகிற கை எழுதிக்கொண்டிருந்தது. ஆனால் இடது தோள் மட்டும், விரல் வருகிற திசையிலிருந்து, முடிந்த அளவு ஒடுங்கியது. உடம்பு முழுவதும் மேசையோடு மேசையாகச் சாய்ந்தது. நாற்காலி கிறீச்சிட்டது. கொண்டையிலிருந்த பென்சில் நழுவி விழுந்தது. அம்மா அவளிடமிருந்து தப்பிக்கப் பார்க்கிறாள்.

"ஏம்மா?" என்றாள் அவள். "என்னைப் பிடிக்கலையா?"

பென்சில் அதையும் எழுதியது. எழுதும்போது நடுங்கியது. தலை மெல்ல, மிக மெல்ல, இப்படியும் அப்படியும் அசைந்தது. வேண்டாம், வேண்டாம் என்பது போல.

அவள் அதைப் பார்த்தாள். பார்த்தும், அம்மா நடுங்குகிறாள் என்றுதான் நினைத்தாள். குளிரில் இருந்திருக்கிறாள். தனியாக இருந்திருக்கிறாள்.

இன்னும் எட்டி, தொட்டாள்.

*

புடவைத் துணி ஈரமாக இருந்தது. அது மட்டும்தான் தெரிந்தது.

வலப்பக்கமாக ஏதோ எழுந்தது. இடப்பக்கமாக அவள் முழங்கால் மடிந்தது. யாரும் தள்ளவில்லை. ஒரு சொல் கீழே விழக் கூடாது. இருக்கை சூடாக இருந்தது. விரல்களுக்கு நடுவே பென்சில் இருந்தது. அதுவும் சூடாக இருந்தது.

அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஐயோ. வாலு."

அம்மாவின் குரல்.

இத்தனை நாடாக்களில் தேடிய குரல். கனவில்கூடச் சரியாக வராத குரல். கொஞ்சம் கம்மலாக, கொஞ்சம் மூக்கால், அப்படியே. திரும்பிப் பார்க்கத் துடித்தாள். கழுத்து திரும்பவில்லை. அவள் கை எழுதியது. பிசகில்லாமல், அவள் ஒருநாளும் கற்காத வேகத்தில். ஐயோ. நீள வளைவு, இரண்டு புள்ளி.

அம்மாவின் பேச்சு முதல்முறையாகப் பதிவாகிவிட்டது.

போறவங்க நிக்கக் கூடாது. புடவை உரசும் சத்தம் கம்பளத்தில் பின்வாங்கியது. நின்றது. மறுபடி யாரோ இழுப்பது போல நகர்ந்தது. பக்கவாட்டுக் கதவு திறந்து மூடியது. பிறைக் கீறல். அழுகை. பிறைக் கீறல்.

பிறகு எதுவுமில்லை. அவள் காத்திருந்தாள். கை காத்திருந்தது.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

"பாப்பா?"

அப்பா. வாசலில். அப்பாவின் கையில் அவள் செருப்பு.

"பாப்பா, இங்கயா இருக்க? லைட்டப் போட மாட்டியா?"

கை எழுதியது.

சுவிட்ச் சத்தம். மேலே விளக்குகள் எரிந்தன. அப்பா வரிசைகளுக்கு நடுவே இறங்கி வந்தார். ஒவ்வொரு நாற்காலிக்கும் கீழே குனிந்து பார்த்தார், அவள் சின்னப் பிள்ளையாக அங்கே ஒளிந்திருக்கிற மாதிரி. அவளைக் கடந்தார். நேருக்கு நேர் பார்த்தார். அவர் கண் அவள்மேல் பட்டு, நிற்காமல், அடுத்த நாற்காலிக்குப் போனது.

அப்பா, இங்க. இங்கதாம்ப்பா.

வாய் திறக்கவில்லை. அவையில் அவளுக்கு வாய் கிடையாது.

"விளையாடாதம்மா. உங்கம்மாவத் தேடின மாதிரி என்னால இன்னொரு தடவ தேட முடியாது."

கை எழுதியது. எல்லாவற்றையும். ஒரு சொல் விடாமல்.

அப்பா நின்றார். அவருக்குக் கேட்டுவிட்டது. தலையைச் சாய்த்துக் கேட்டார். மேசையை நோக்கி வந்தார். அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் மூச்சு அவள் உச்சந்தலையில் பட்டது. டீ வாசனை. ஒட்டுத்தாள் பசை வாசனை. அவர் கை நாற்காலியின் முதுகைப் பிடித்தது. இடப்பக்கம். அவள் தோளுக்கு அருகில். கொஞ்சம் நகர்ந்தால் போதும்.

தொடுங்கப்பா.

கை நகர்ந்தது. விரல் துணியை உரசுகிற அளவுக்கு வந்தது.

தொடாதீங்கப்பா.

அவள் தோள் தானாக ஒடுங்கியது. மேசையோடு மேசையாக. நாற்காலி கிறீச்சிட்டது. அப்பா கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"எலிதான்" என்றார். குரல் உடைந்தது. "எலிதான்."

கை எழுதியது. எலிதான். எலிதான்.

அவர் படியேறினார். சுவிட்ச் சத்தம். இருட்டு. பெரிய கதவு சாத்திக்கொண்டது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆண் அழுகிற சத்தம்.

பிறைக் கீறல். அழுகை. பிறைக் கீறல்.

பக்கம் புரண்டது. இருட்டில், அவள் கட்டைவிரல் மடங்கிச் சொடுக்கியது.